எது கூடாது, எதுவரை கூடாது

1. நற்செய்தி போல வந்த செய்தி

ரிஸ்வானாவின் கணவர் விடுப்பு முடியும் முன்பே வளைகுடாவுக்குத் திரும்பப் போகிறார் என்ற செய்தியை, அவளுடைய தாயார் எனக்கு ஒரு நற்செய்தியைப் போலச் சொன்னார்.

"மாப்பிள்ளை வெள்ளிக்கிழம கெளம்புறாக சிஸ்டர். டிக்கெட்ட மாத்திட்டாக. இனி நமக்குக் கவலையில்ல. புள்ள நல்லபடியாத் தங்கிரும்."

அன்று செவ்வாய்க்கிழமை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியாற்றியவர்களுக்குச் செவ்வாய் என்றால் என்னவென்று தெரியும். சுற்றியுள்ள ஊர்களின் கர்ப்பிணிகள் அனைவரும் அன்று வருவார்கள். எங்கள் பேச்சில் அவர்கள் 'ஏ.என். மதர்'கள். எடை, பி.பி., இரத்தம், சிறுநீர், அயர்ன் மாத்திரை என்று வரிசை நகரும். நான் எடைப் பொறியின் அருகில் நின்றிருந்தேன். ரிஸ்வானா அதன்மேல் ஏறி நின்றாள். ஆறாம் மாதம் நடக்கும் பெண்ணுக்கு எடை கூடியிருக்க வேண்டும். முந்தைய முறை பார்த்ததைவிடக் குறைந்திருந்தது.

"சாப்பிடுறியாம்மா?"

அவள் வாய் திறக்கும் முன் தாயாரே பதில் சொன்னார். "நல்லாச் சாப்பிடுறா. நெத்திலி, முட்ட, கீரை, ஒண்ணுல கொற வைக்கல. உடம்புதான் ஒட்ட மாட்டேங்குது."

ரிஸ்வானா தரையைப் பார்த்தபடி இறங்கினாள். கண்ணைச் சுற்றிக் கருமை படர்ந்திருந்தது. முகம் வெளிறியிருந்தாலும் இரத்த அளவு குறையவில்லை. மசக்கைக் காலமும் கடந்துவிட்டது. வேறு ஏதோ ஒன்று அவளைத் தின்றுகொண்டிருந்தது என்பதை அறிய மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை. அது என்னவென்று கேட்கத்தான் எனக்கு இடமில்லை. தாயார் மகளை ஒட்டியே நின்றார்.

"ராத்தா, மாத்திரை குடுக்குற எடத்துல கூட்டம் சேருது. நீங்க போய் எடம் புடிச்சு நில்லுங்க. இவளுக்கு ஊசி போட்டு அனுப்புறேன்" என்றேன். மூத்த பெண்களை அவ்வூரார் ராத்தா என்பார்கள். நானும் அப்படியே அழைத்துப் பழகியிருந்தேன். அவர் அரைமனத்தோடு போனார்.

ஊசி போடும் அறையின் திரையை இழுத்துவிட்டு, "என்னம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"மச்சான் என்கூடப் பேசுறதில்ல சிஸ்டர்" என்றாள். "வந்ததுல இருந்து மாடிலதான் இருக்காக. கீழ வந்தா உம்மாகிட்ட சாப்பாட வாங்கிக்கிட்டுப் போயிருவாக. என் முகத்தப் பாக்குறதில்ல. இப்ப டிக்கெட்டயும் மாத்திட்டாக" என்றாள். பிறகு, தனக்கே சொல்லிக்கொள்பவளைப் போல, "ஒரு புள்ளயத் தொலைச்சவதானே நான். வெறுத்துட்டாக" என்றாள்.

வெள்ளிக்கிழமைக்கு முன் செய்ய வேண்டியதைச் செய்தாக வேண்டும் என்பது அப்போதே எனக்குத் தெளிவாயிற்று. அந்த மனிதர் விமானம் ஏறிவிட்டால் இவ்வெண்ணத்தைச் சுமந்துகொண்டே அவள் பிள்ளை பெறுவாள். அடுத்த விடுப்பு வருவதற்குள் அவ்வெண்ணம் இருவருக்கும் நடுவே சுவராக எழுந்திருக்கும்.

2. வாசலில் நிற்பவர்கள்

என் பணிக்கால அனுபவங்களைப் படிக்கும் இளம் செவிலியர்களுக்கு எங்கள் பகுதியின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏர்வாடியை அடுத்த கடலோரத்தில், வழிவழியாகக் கடல் வாணிகம் செய்த முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றில் பெண் மணமாகிக் கணவர் வீட்டுக்குப் போவதில்லை. பெண்ணுக்கென்று வீடு இருக்கும். கணவர்தாம் அங்கு வருவார். பெண்ணுக்குப் பெரும் பாதுகாப்பைத் தரும் வழக்கம் அது. நான் அதைக் குறைகூற வரவில்லை. ஆனால், அவ்வீட்டில் மருமகன் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் மரியாதைக்குரிய விருந்தினரே. வீட்டின் ஏற்பாடுகளை மாற்றச் சொல்லி அவர் வாய் திறப்பதில்லை.

மருத்துவமனையிலும் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கர்ப்பிணியோடு தாயோ மாமியாரோ உள்ளே வருவார். கணவர் வெளியே வேம்பின் நிழலில், ஆட்டோ ஓட்டுநர்களோடு நின்றுகொண்டிருப்பார். சொல்ல வேண்டியவற்றை நாங்கள் உடன் வந்த பெண்ணிடம் சொல்லுவோம். அவர் வீட்டில் சொல்லிக்கொள்வார் என்பது எங்கள் நம்பிக்கை. தாம்பத்திய உறவைப் பற்றிய செய்தியையும் அவ்வாறே சொன்னோம்.

ரிஸ்வானாவுக்கு நடந்தது இது. முதல் கரு மூன்றாம் மாதத்தில் கலைந்தது. அப்போது அவளுடைய கணவர் ஜாபர் விடுப்பில் வந்திருந்தார். அதன்பின் அவள் விசிட் விசாவில் அவர் பணிபுரியும் ஊருக்குப் போய் வந்தாள். மீண்டும் கரு தங்கியது. ஐந்தாம் மாதத்தில் இராமநாதபுரத்தில் ஸ்கேன் எடுத்தபோது, நஞ்சுக்கொடி கருப்பையின் வாய்ப்பகுதியை ஒட்டிக் கீழே அமைந்திருப்பது தெரிந்தது. எங்கள் மருத்துவ அலுவலர் ஸ்கேனைப் பார்த்துவிட்டுத் தாயாரிடம், "அவங்க ரெண்டு பேரும் சேரக் கூடாதும்மா. கவனமா இருங்க" என்றார். பெரிய வரிசை காத்திருந்தது. அவர் அடுத்த சீட்டைக் கையில் எடுத்தார்.

அந்த வாரம்தான் ஜாபர் விடுப்பில் வந்து இறங்கினார்.

3. தடைக்காலத்துக் கேள்வி

மற்றொரு நிகழ்ச்சியை இங்கே சொல்லிவிடுகிறேன். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கட்டப்பட்டிருக்கும். மற்ற நாள்களில் கடலிலேயே கிடக்கும் ஆண்கள் அப்போதுதான் வீட்டில் இருப்பார்கள். அவர்களில் சிலர் மனைவியோடு மருத்துவமனைக்கும் வருவார்கள். அவ்வாறு அந்தோணி என்ற படகுத் தொழிலாளி, எட்டாம் மாதத்து மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார். வாய்த்துடுக்கு மிக்கவர். வரிசையில் நின்ற பெண்கள் அனைவரும் கேட்கும்படி, "சிஸ்டர், கடலுக்குத் தடை போட்டது கவர்மெண்டு. வீட்டுக்கும் தடை போட்டது யாரு, நீங்களா?" என்றார்.

வரிசை முழுவதும் சிரித்தது. மனைவி அவர் தொடையைக் கிள்ளினார். "ஏய், வலிக்குதுடி! கேட்டாத்தானே தெரியும்?" என்றவர் சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டார்: "நெசமாத்தான் கேக்குறேன். வீட்டுல பெரியவுக ஏழாம் மாசத்துல இருந்து ஒதுங்கி இருங்கறாக. ஏன்னு சொல்ல மாட்டேங்குறாக. எப்ப வரைக்கும்னும் சொல்ல மாட்டேங்குறாக. கவர்மெண்டுகாரன் தடை போட்டா, மீனு முட்ட போடுற காலம்னு காரணம் சொல்றான். இன்ன தேதிக்குப் படக அவுத்துக்கிட்டுப் போகலாம்னும் சொல்றான். நாட்டுப்படகுக்குத் தடை இல்லன்னும் சொல்றான். வீட்டுத் தடைல ஒண்ணும் வெவரம் இல்லையே!"

அவருடைய மனைவியின் கர்ப்பத்தில் எந்தச் சிக்கலும் இல்லை. இருவரையும் உள்ளே அழைத்துச் சொன்னேன்: இரத்தப்போக்கோ, நீர்க்கசிவோ, குறைமாத வலியோ, நஞ்சுக்கொடிச் சிக்கலோ இல்லாத கர்ப்பத்தில் உறவு கொள்வதால் குழந்தைக்குத் தீங்கில்லை. குழந்தை நீர்ப்பையினுள் இருக்கிறது. கருப்பையின் வாய் மூடியிருக்கிறது. வயிற்றின்மேல் பாரம் விழலாகாது. பக்கவாட்டில் படுத்துக்கொள்வது எளிது. அவளுக்கு விருப்பமில்லாத நாளில் அந்தப் பேச்சே கூடாது.

"கேட்டுக்கிட்டீயளா, கடைசியா சொன்னத?" என்றார் மனைவி.

அந்தோணி கூறியதை வேடிக்கையாகவே எண்ணிச் சிரித்துவிட்டு மறந்திருந்தேன். ஊசி அறைத் திரைக்குப் பின்னால் ரிஸ்வானா பேசியபோது அது நினைவுக்கு வந்தது. எதைத் தடுக்கிறோம், ஏன் தடுக்கிறோம், எதுவரை தடுக்கிறோம், எது தடைக்குள் வராது என்ற நான்கில் ஒன்றைக்கூட நாங்கள் அந்த வீட்டுக்குச் சொல்லி அனுப்பவில்லை.

4. பழுதில்லாத வண்டி

புதன்கிழமை அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். பி.பி. பார்க்க வேண்டும் என்பது காரணம். முன்கட்டில் ஜாபர் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து ஒதுங்கி நின்றார். மாடிக்கு ஏறும் படிகள் முன்கட்டிலிருந்தே தொடங்கின. உள்கட்டுக்கும் முன்கட்டுக்கும் நடுவே ஒரு திரை தொங்கியது.

உள்ளே ரிஸ்வானாவின் அறையில் கட்டிலின் அருகே தரையில் ஒரு பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. "நான்தான் இங்கன படுக்குறேன்" என்றார் தாயார். "டாக்டரம்மா சேரக் கூடாதுன்னுட்டாகல்ல. அன்னையிலருந்து ஒரு ராத்திரி அகலல. மாப்பிள்ளையும் தங்கமான புள்ள. ஒரு சொல்லுக்கு மாடிக்குப் போயிட்டாக. கையில ஒரு டம்ளர் தண்ணிகூட இவளக் குடுக்க விடுறதில்ல நான்."

கணவர் உள்ளே வரலாகாது, அருகில் உட்காரலாகாது, தனியே பேசலாகாது. மருத்துவர் சொன்ன ஒரு சொல் அவ்வீட்டில் இவ்வளவு தூரம் வளர்ந்திருந்தது. தாயாரின் குரலில் கெடுமதி ஒரு துளியும் இல்லை, அச்சமே இருந்தது. முதல் கரு கலைந்த நாளில் இரத்தம் தோய்ந்த துணிகளை வேறு யாரையும் தொட விடாமல் தம் கையாலேயே அலசியவர் அவர்.

புறப்படும்போது முன்கட்டில் நின்று, "தம்பி, வண்டி மக்கர் பண்ணுது. தெருமுனை வரைக்கும் தள்ளிக் குடுங்க" என்றேன். அவர் தள்ளிக்கொண்டு வந்து, முனையில் நிறுத்தி ஒருமுறை உதைத்தார். வண்டி உடனே கிளம்பியது. என்னைப் பார்த்தார்.

"வண்டில ஒண்ணும் இல்லையே சிஸ்டர்."

"இல்லதான் தம்பி. அந்த வாசல்ல வச்சு உங்ககிட்ட இதப் பேச முடியாது. ஏன் முன்னாடியே போறீங்க?"

அவர் வண்டியை அணைத்தார். "நான் இங்கன இருந்தா புள்ளைக்கு ஆகாது சிஸ்டர். மொதப் புள்ளயும் நான் வந்துதான் போச்சு."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ஒருத்தரும் ஒரு சொல்லு சொல்லல. நான் லீவுல வந்தேன். நாங்க ஒண்ணா இருந்தோம். கரு போச்சு. வேற என்ன சொல்லணும்? இப்பவும் நான் வந்து எறங்கின அன்னைக்கே, சேரக் கூடாதுன்னு மாமி சொன்னாக. அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுதானே இருக்கு?"

"ஏன் கூடாதுன்னு கேக்கலையா?"

"மாமிகிட்ட எப்படிக் கேக்குறது? அவுக வீடு." அவர் குரல் தாழ்ந்தது. "அங்கன இருக்கும்போது தெனமும் வீடியோ கால்ல பேசுவோம் சிஸ்டர். என்ன சாப்பிட்ட, கால் வீங்கியிருக்கா, புள்ள அசையுதான்னு எல்லாம் கேப்பேன். இங்கன வந்தப்புறந்தான் பேச்சே இல்லாமப் போச்சு. ஒரே கூரைக்குக் கீழ இருக்கோம், ஒரு போன்கூடப் போட முடியல. கண்ண நேரா பாத்தா, ஒன்னாலதான் அன்னைக்கும் போச்சுன்னு அவ சொல்லிருவாளோன்னு பயமாருக்கு."

கடலுக்கு அப்பாலிருந்து நாள்தோறும் பேசிக்கொண்டவர்கள், ஒரு படிக்கட்டின் இருபுறமும் நின்று பேச்சிழந்திருந்தார்கள். அவள் தன்னைக் குற்றவாளியாக எண்ணினாள். அவர் தம்மைக் குற்றவாளியாக எண்ணினார். இல்லாத குற்றத்துக்கு இருவரும் தண்டனை அனுபவித்தார்கள்.

"நாளைக்குக் காலைல ரிஸ்வானாவ டாக்டர் பாக்கணும்னு சொல்லுவோம். நீங்களும் உள்ள வரணும். வேப்பமரத்தடில நின்னுறக் கூடாது" என்றேன்.

"மாமி?"

"அது என் பாடு."

5. மூடிய கதவு

மருத்துவ அலுவலர் இளம் பெண், திறமையானவர், பொறுமையாகக் கேட்பவர். நடந்ததைச் சொன்னபோது முதலில் அவருக்கு நம்ப முடியவில்லை. "நான் சொன்னது ஒரு விஷயந்தானே சிஸ்டர்? அவங்க அம்மாகிட்ட சொன்னேனே!"

"அம்மாகிட்ட சொன்னோம் மேடம். அவங்க ரெண்டு பேர்கிட்ட சொல்லல."

அவர், "வரச் சொல்லுங்க. ஓ.பி. தொடங்கறதுக்கு முன்னாடி பாத்துரலாம்" என்றார்.

வியாழன் காலை மூவரும் வந்தார்கள். அறை வாசலில் நான் தாயாரின் முன் நின்றேன். "ராத்தா, கொஞ்சம் வெளிய உக்காருங்க. அவுக ரெண்டு பேர்கிட்டயும் பேசணும்."

"என் மகளுக்கு நான் இல்லாம என்ன பேச்சு?" அவர் குரல் உயர்ந்தது. "பத்து மாசம் சொமந்தவ நான். நேத்து வந்த ஆளுக்குச் சொல்லலாம், எனக்குச் சொல்லக் கூடாதா? வண்டி மக்கர்னு நீங்க மாப்பிள்ளையக் கூட்டிட்டுப் போனப்பவே எனக்குத் தெரியும், ஏதோ இருக்குன்னு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அச்சமும் வந்தது. அவர் அந்த இடத்திலேயே மகளை அழைத்துக்கொண்டு திரும்பிவிட்டிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அப்போது ரிஸ்வானா, "உம்மா, நீங்க உக்காருங்க. நான் கேட்டுட்டு வாரேன்" என்றாள். மெல்லிய குரல்தான். தாயார் மகளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு விசிப்பலகையில் உட்கார்ந்தார். நான் கதவை மூடினேன்.

மருத்துவர் ஒரு தாளில் கருப்பையின் படம் வரைந்தார். நஞ்சுக்கொடி இருக்க வேண்டிய இடத்தையும் இப்போது இருக்கும் இடத்தையும் காட்டினார். "நஞ்சு வாய் பக்கத்துல இருக்கு. அந்த எடத்துல உரசல் பட்டா ரத்தப்போக்கு ஆகலாம். அதுக்காகத்தான் உடலுறவு வேண்டாம்னு சொன்னேன். உள்ள எதுவும் போகக் கூடாது. கருப்பை இறுகற அளவுக்கு உணர்ச்சிய உச்சத்துக்குக் கொண்டு போறதும் வேண்டாம். அவ்வளவுதான் தடை. சொட்டு ரத்தம் பட்டாலும், நேரம் காலம் பாக்காம ஆஸ்பத்திரிக்கு வந்துரணும்."

"எப்ப வரைக்கும் டாக்டர்?" கேட்டவள் ரிஸ்வானா.

"எட்டாம் மாசம் மறுபடி ஸ்கேன் எடுப்போம். வயிறு வளர வளர நஞ்சு மேல ஏறிரும், பெரும்பாலானவங்களுக்கு ஏறிரும். ஏறிருந்தா தடை முடிஞ்சுது. ஏறலைன்னா பிரசவத்த எப்படிப் பண்றதுன்னு அப்ப முடிவு பண்ணுவோம்."

ஜாபர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மொதப் புள்ள..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

மருத்துவர் எழுதுகோலைக் கீழே வைத்தார். "மூணாம் மாசத்துல தானாக் கலையற கரு பெரும்பாலும் உருவாகும்போதே குறையோட உருவானது. உங்களுக்கு எதனால போச்சுன்னு இன்னைக்கு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நீங்க ரெண்டு பேரும் சேந்து இருந்ததால போகல. அத என்னால சொல்ல முடியும்."

"உறுதியாவா?"

"உறுதியா."

நான் சொல்ல வேண்டியதை அப்போது சொன்னேன். "தம்பி, டாக்டர் தடுத்தது ஒண்ணத்தான். பக்கத்துல உக்காரலாம். ஒரே அறையில படுக்கலாம். கையப் புடிச்சுக்கலாம், அணைச்சுக்கலாம். அவ காலுக்கு எண்ணெய் தேச்சு விடலாம். வயித்துல கைய வச்சுப் புள்ள அசையுறதப் பாக்கலாம். இதுக்கெல்லாம் யாரும் தடை போடல."

ரிஸ்வானா கணவர் பக்கம் திரும்பினாள். "அப்ப நீங்க பயந்துக்கிட்டா மாடிக்குப் போனீய?"

"பின்ன?"

"நான் ஒங்களுக்கு வேண்டாமப் போயிட்டேன்னு நெனச்சேன் மச்சான்."

"கிறுக்கி" என்றார் அவர். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அவள் மெல்லக் கையை நீட்டி அவருடைய சட்டையின் கைப்பகுதியைப் பிடித்துக்கொண்டாள், பிடித்தபடியே இருந்தாள். மருத்துவரும் நானும் எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றோம். செய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை, என்றாலும் நின்றோம்.

6. கடல் தாண்டிய கணவர்

வெளியே தாயாரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பாராமலேயே, "நான் கெட்டதா நெனச்சாச் செஞ்சேன்?" என்று கேட்டார். கண்கள் கலங்கியிருந்தன.

"இல்ல ராத்தா. நாங்கதான் வெவரமாச் சொல்லல." உள்ளே சொன்னவற்றை அவருக்கும் சொன்னேன். பிறகு, அவர் மனத்தை வேறுபக்கம் திருப்ப எண்ணி, "ரிஸ்வானா ஒங்க வயித்துல இருக்கும்போது அவ வாப்பா எப்படிப் பாத்துக்கிட்டாக?" என்றேன்.

அவர் விளங்காதவர் போல என்னைப் பார்த்தார். "அவுக எங்கன இருந்தாக? கொழும்புல கடை வச்சிருந்தாகல்ல. கலியாணத்துக்கு வந்தாக, அப்புறம் எப்பவாச்சும் வந்தாக, போனாக. எனக்கு மூணு புள்ள. ஒண்ணுக்கும் அவுக ஊர்ல இல்ல. என் உம்மாவுக்கும் அப்படித்தான். எங்க தெருவுல எந்தப் பொம்பள வயித்துப் புள்ளையோட இருக்கும்போது புருஷன் வீட்டுல இருந்தாரு? உம்மாதான் பக்கத்துல படுப்பாக. அதுதான் எங்களுக்குத் தெரிஞ்சது."

அத்தனை ஆண்டுப் பணியில் நான் அறியாத ஒன்றை அன்று அறிந்தேன். அவருக்குத் தெரிந்த கர்ப்பகாலம் கணவர் இல்லாத கர்ப்பகாலம். வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் மகளின் வீட்டில் மருமகனும் இருந்தால் அவரை எங்கே உட்காரவைப்பது, என்ன சொல்வது என்பதற்கு அவர் தாயிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ ஒரு வழக்கமும் வந்து சேரவில்லை. தெரியாத இடத்தில் அவர் தெரிந்த ஒன்றைச் செய்தார். ஜாபரைக் கொழும்புக்கு அனுப்புவதைப் போல மாடிக்கு அனுப்பினார். பாயை எடுத்துக்கொண்டு வந்து மகளின் அருகே படுத்தார்.

"ஒங்களுக்கு அப்ப, அவுக பக்கத்துல இருந்தா நல்லாருக்கும்னு தோணலையா ராத்தா?"

அவர் முக்காட்டின் ஓரத்தைச் சரிசெய்தார். "தோணுனா யாருகிட்டச் சொல்ல?" என்றார்.

7. பாய்

வெள்ளிக்கிழமை ஜாபர் புறப்படவில்லை. அடுத்த செவ்வாயன்று ரிஸ்வானா எடைப் பொறியின்மேல் நின்றபோது முள் சற்றே முன்னேறியிருந்தது. தாயார் என் காதருகே வந்தார்.

"பாய எடுத்துக் கூடத்துல போட்டுக்கிட்டேன் சிஸ்டர். மாப்பிள்ளை கொறட்ட விடுறாகளாம். அதச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா அந்தக் கழுத."

ஜாபர் விடுப்பு முடியும்வரை இருந்தார். முதன்முறையாகத் தம் உள்ளங்கையில் குழந்தை உதைத்ததை எங்கள் மருந்தாளுநர் உட்பட அனைவரிடமும் சொன்னார். பிறகு விமானம் ஏறினார். எட்டாம் மாதத்து ஸ்கேனில் நஞ்சுக்கொடி மேலே ஏறியிருந்தது. தடை நீங்கிய நாளில் அவர் கடலுக்கு அப்பால் இருந்தார். மருத்துவர் செய்தியைச் சொன்னபோது ரிஸ்வானாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் சிறிது சிரித்தாள். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பிரிவுக்கு எங்களிடம் மருந்து இல்லை. ஆனால், அவள் வெறுக்கப்பட்டவளாகப் பிள்ளை பெறவில்லை. ஆண் குழந்தை, இயல்பான பிரசவம்.

என் பணிக்காலத்தில் கற்றவற்றுள் இதை உங்களுக்குச் சொல்லிச் செல்ல விரும்புகிறேன். நம் வாயிலிருந்து வரும் 'கூடாது' என்னும் சொல்லுக்கு நாம் எல்லை வகுக்காவிட்டால் அச்சம் அதற்கு எல்லை வகுக்கும். அச்சத்தின் எல்லை வீடு முழுவதும் பரவும். எது கூடாது, ஏன் கூடாது, எதுவரை கூடாது, எதெல்லாம் கூடும் என்பதை இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லுங்கள். கூச்சம் நமக்கு வந்தால் அவர்களுக்கு இருமடங்கு வரும். ஆதலால் நாம் முதலில் அதை விட்டொழிக்க வேண்டும்.

நான் ஓய்வுபெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. வரிசையில் ரிஸ்வானாவின் தாயார் நின்றிருந்தார். தம் தங்கை மகளை அழைத்து வந்திருந்தார். அவளுடைய கணவர் வளைகுடாவிலிருந்து அண்மையில் வந்தவர். வழக்கம்போல வேம்பின் நிழலைத் தேடி நடந்துகொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, அங்கன எங்க போறிய?" என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தார் தாயார். "உள்ள போங்க. சிஸ்டர் கடிச்சுற மாட்டாக."

அந்த இளைஞர் மனைவியோடு தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். அவர் பின்னால் கதவைச் சாத்தியவர் ரிஸ்வானாவின் தாயார். சாத்திவிட்டு, வெளியே விசிப்பலகையில் போய் உட்கார்ந்துகொண்டார்.